ஈரம் காயாத இரண்டு கிலோ

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுவதே முறை. நான் இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். எடைக் கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வாங்காமல் ஓய்வுபெற்றவன். என் வண்டி சந்தைக்குள் நுழைந்தால், தராசுத் தட்டின் அடியில் ஒட்டவைத்த புளி தானாகக் கீழே விழும் என்று அரூர் வணிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது மிகை, ஆனாலும் முழுப் பொய்யன்று. அந்த முப்பத்தோரு ஆண்டுகளில் நான் அறிவித்த எடை தவறு என்று எந்த வணிகரும் நிறுவியதில்லை. பணிக்காலத்தில் நான் சேர்த்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அதை ஒரு கிராமும் குறையாமல் அதியமான்கோட்டையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

ஓய்வுபெற்ற ஆறாவது ஆண்டில் என் வலது தோள் இறுகியது. கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. சட்டையின் வலது கையை மாட்டுவதற்கு என் மனைவியின் உதவி வேண்டியிருந்தது. இதை எழுதுவது எனக்கு உவப்பானதன்று. எழுதாவிட்டால் பின்னால் வருவது விளங்காது என்பதால் எழுதுகிறேன்.

தருமபுரியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் பெண்ணிடம் சென்றேன். என் மகளைவிட இளையவர். ஆனால் கையைப் பிடித்து முறுக்குவதில் தயக்கமே இல்லாதவர்.

"ஐயா, சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது சகஜந்தாங்க. மேல ஒரு உருளை மாட்டிக் கயிறு போட்டு இழுங்க. அப்பறம் ரப்பர் பேண்டு. கை தலைக்கு மேல போன பிறகு ரெண்டு கிலோ டம்பெல். இது மூணும் வூட்டுல இருந்தா தினம் என்கிட்ட வந்து கத்த வேண்டியதில்ல" என்றார்.

நான் கத்தவில்லை. குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

மூன்றையும் வாங்கும் எண்ணத்தில்தான் உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். விலை என் ஓய்வூதியத்துக்குச் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் என்னைத் திரும்பச் செய்தது விலையன்று. '2 கிலோ' என்று அச்சிட்ட டம்பெல் ஒன்றை இடது கையில் எடுத்தவுடனேயே குறைவு தெரிந்தது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிராம்.

"இதில் முத்திரை எங்கே?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஐயா, இது எக்சர்சைஸ் பண்றதுக்குங்க. இத வெச்சு வெங்காயமா நிறுக்கப் போறீங்க?"

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். உடற்பயிற்சிக்கான பொருளுக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் இரண்டு என்று எழுதியிருந்தால் அது இரண்டாக இருக்க வேண்டும். மறுநாள் காலை, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் எங்கள் நடைப்பயிற்சி முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சற்று அழுத்தமாகவே சொன்னேன். மூன்று கருவிகளையும் நானே வீட்டில் செய்துகொள்ளப் போவதாகவும், என் கையால் செய்த எடை எடையாகவே இருக்கும் என்றும் அறிவித்தேன். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தலையை ஆட்டினார். புளி மொத்த வியாபாரம் செய்யும் பாய் தேநீரை ஊதிக் குடித்தார்.

இந்தப் பாய்க்கும் எனக்கும் உள்ள உறவை இங்கே குறிப்பிட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தருமபுரிக் கடையில், முத்திரைக் காலம் முடிந்திருந்த தராசு ஒன்றைக் கைப்பற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனவன் நான். அதன் பிறகும் அவர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை. ஆண்டுக்கொரு முறை பிரியாணி அனுப்புவதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் தொடங்கினார். அதற்கு முன் அனுப்பியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் உருளை. பழைய இரும்புக் கடையில் கிணற்று உருளை ஒன்று கிடைத்தது. துருவைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் விட்டு, கூடத்துக் கூரையில் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய கொக்கியில் மாட்டினேன். கயிற்றின் இரு முனைகளிலும் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுகளைக் கைப்பிடியாகக் கட்டினேன். நாற்காலியில் அமர்ந்து இடது கையால் இழுத்தால் வலது கை மேலே போகும். முதல் நாள் நான் இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்த பால்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார், வூட்டுக்குள்ளயே கெணறு வெட்டிட்டீங்களா?"

"பாலை வெச்சிட்டுப் போப்பா" என்றேன்.

அடுத்தது ரப்பர். சைக்கிள் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த ட்யூப்பை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினேன். முதல் ட்யூப் ஒட்டுப் போட்ட இடத்தில் விட்டுப்போய் என் கன்னத்தில் அறைந்தது. இரண்டாவதை ஒட்டு இல்லாததாகத் தேர்ந்தெடுத்தேன். அது இன்றுவரை பழுதின்றி உழைக்கிறது.

மூன்றாவதுதான் டம்பெல். சுற்றுச்சுவர் கட்டியதில் மிஞ்சிய சிமெண்டு அரை மூட்டை இருந்தது. எம்-சாண்டும் பொடி ஜல்லியும் வாசலிலேயே கிடந்தன. அச்சுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சமையலறை அலமாரியில் வரிசையாக இருந்த காலித் தயிர் டப்பாக்கள் கண்ணில் பட்டன. அவை காலி அல்ல என்பது பிறகுதான் தெரியவந்தது.

"ஏங்க, சீரகத்த எங்க கொட்டி வெச்சீங்க?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டார்.

"செய்தித்தாளில்."

"வெந்தயம்?"

"அதுவும்."

"ரெண்டையும் ஒரே பேப்பர்லயா?"

நான் சிமெண்டு மூட்டையைப் பிரிக்கப் போனேன்.

செய்முறையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். ஓர் அடி நீள இரும்புக் குழாய்த் துண்டை நிறுத்தேன், முந்நூறு கிராம். ஆகவே ஒவ்வொரு பக்கத் தலைக்கும் எண்ணூற்றைம்பது கிராம் கலவை. என்னிடம் முறையாக முத்திரையிட்ட சிறு தராசு ஒன்று உண்டு. அதில் கலவையை நிறுத்து டப்பாவில் ஊற்றி, நடுவில் குழாயை நட்டு, ஒரு நாள் விட்டேன். மறுநாள் தலைகீழாக்கி, மறு முனையை இரண்டாவது டப்பாவில் நட்டேன். குழாய்த் துண்டுகள் ஐந்து, பத்து கிராம் முன்பின்னாக இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் தக்கபடி கலவையைக் கூட்டிக் குறைத்துக் கணக்கை இரண்டாயிரத்தில் நிறுத்தினேன். கலவையைத் தோசைமாவுப் பதத்தில் இளக்கமாகக் கரைத்தேன். கெட்டியாகக் கரைத்தால் டப்பாவின் ஓரங்களில் காற்றுக் குமிழி நின்று, காய்ந்த பின் அம்மைத் தழும்பு போலத் தெரியும். என் பொருள் அப்படித் தெரிவதில் எனக்கு விருப்பமில்லை.

கலவை பாதி இறுகிய நிலையில், குழாயைச் சுற்றியிருந்த முகத்தில் தென்னங்குச்சியால் எழுதினேன்: '2 கி.கி. சரிபார்க்கப்பட்டது.' காய்ந்த பிறகு சிமெண்டில் எழுத முடியாது. எனவே ஈரத்திலேயே எழுதினேன். பிறகு ஈரச் சாக்குச் சுற்றி ஏழு நாள் தண்ணீர் தெளித்தேன். டப்பாவை அறுத்தெடுத்தபோது கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. என் மனைவிகூடத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்குது" என்றார். சீரகத்தைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

நடைப்பயிற்சி நண்பர்கள் பார்த்தார்கள். உடனே தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் ஒரு ஜோடி, பாய் ஒரு ஜோடி, இன்னும் மூவர் ஆளுக்கு ஒரு ஜோடி. ஆக என்னுடையதையும் சேர்த்து ஆறு ஜோடி, பன்னிரண்டு டம்பெல்கள். யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. டப்பாக்களை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். மாசி வெயிலில் இரண்டு வாரம் மொட்டை மாடியில் காயவைத்து, ஒவ்வொன்றையும் துடைத்து, அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது எழுத்து தெரியும்படி பிடித்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் எனக்கு நல்ல காலம். காலையில் தேநீர்க் கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள்.

நான்காவது வாரத் தொடக்கத்தில் பாய் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், உங்க டம்பெல்லு ரொம்ப நல்லா இருக்குதுங்க. தூக்கறதுக்கு லேசா இருக்குது."

"பழகிட்டா அப்படித்தான் இருக்கும் பாய்."

"பழகறது இல்லீங்க. லேசாவே இருக்குது."

போஸ்ட்மாஸ்டர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன பாய், நிறுத்துப் பாத்தீங்களா?"

"புளிக்கடைக்காரன் கையில எது வந்தாலும் அது நேராத் தட்டுக்குத்தாங்க போவும். நான் ஒண்ணும் வேணும்னு வெக்கல."

"எவ்வளவு காட்டுச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். "அத சாரே வந்து பாக்கட்டும். நான் சொன்னா நல்லா இருக்காது."

என் முதல் கேள்வி எதுவாக இருக்குமோ அதையே கேட்டேன். "உங்க தராசுல இந்த வருசத்து முத்திரை இருக்குதா?"

கடையே சிரித்தது. பாய் மட்டும் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டார். "இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு தடவ இல்லாம இருந்துச்சுங்க. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. அதுக்கப்பறம் ஒரு வருசம் விட்டது கெடையாது."

அன்றே என் ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு தருமபுரிக்குப் பேருந்து ஏறினேன். பேருந்தில் எனக்கு ஐயமே இல்லை. தராசில்தான் கோளாறு இருக்கும் என்று உறுதியாக நம்பினேன். பாயின் கடையில் முதலில் முத்திரையைப் பார்த்தேன். செல்லத்தக்கது. தட்டைத் துடைத்து, எண்கள் பூஜ்யத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். நின்றன. அவருடைய இரும்புக் கற்களைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு கிராம் பிசகவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் அவ்வளவு ஒழுங்கான தராசை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

பாயின் டம்பெல்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து. அதன் இணை: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. என்னுடைய வலது: ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.

குறை எடை. என் தொழில் முழுவதும் நான் பிறர் மேல் எழுதிய சொல் அது. என் கையெழுத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று பொறித்த பொருளின் மேல் இப்போது அது வந்து நின்றது. அதைவிடக் கொடியது, அப்படிப்பட்ட பத்துப் பொருள்கள் ஐந்து வீடுகளில் இருந்தன.

"நான் நிறுத்துத்தான் ஊற்றினேன் பாய். ஒவ்வொன்றையும் நிறுத்தேன்."

"நீங்க நிறுக்காம ஊத்தியிருக்க மாட்டீங்கங்க. அது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிப் புளியை எடுத்து என் முன்னால் வைத்தார். "சார், மரத்துலருந்து உலுக்கி அன்னிக்கே வர்ற புளிய அன்னிக்கே நிறுத்து மூட்டை கட்டிட்டா, ஆடி மாசம் அதே மூட்டை என்ன காட்டும்?"

"குறைவாகக் காட்டும்."

"ஏனுங்க?"

"ஈரம்..."

புளி விளையும் இந்த மாவட்டத்தில், ஈரப் புளியை நிறுத்து வாங்கி ஏமாறாதீர்கள் என்று நானே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தோசைமாவுப் பதத்தில் நான் ஊற்றிய அழகான கலவையிலிருந்த தண்ணீரில் பாதி, மாசி வெயிலில் மொட்டை மாடியிலிருந்து கிளம்பிப் போய்விட்டிருந்தது. நான் நிறுத்தது சரி. எழுதிய நேரம் தவறு.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, பாட்டில் சோடா வரவழைத்தார். அவருடைய முகத்தில் இருபத்திரண்டு ஆண்டு மகிழ்ச்சி தெரிந்தது; அதை அவர் மறைக்கவும் முயன்றார் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

"கேஸ் எழுதுங்க சார்."

"யார் மேல?"

"அதாங்க பிரச்சினையே. புடிக்கறவரு ஒருத்தர் இருக்கணும், மாட்டறவரு ஒருத்தர் இருக்கணும். இன்னிக்கு ரெண்டு பேரும் நீங்களாவே இருக்கறீங்க."

நானும் சிரித்தேன். அந்தக் கடையில் நான் சிரித்தது அதுவே முதல் முறை என்று அவர் பிறகு சொன்னார். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, பத்தையும் திரும்பப் பெறப்போவதாக மனைவியிடம் சொன்னேன்.

"இனாமாக் குடுத்ததுங்க. நூறு கிராமுக்கு யாரு வந்து உங்க கழுத்தப் புடிக்கப் போறா?"

"சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது."

"அப்ப அத மட்டும் செதுக்கி எடுத்துருங்க."

நல்ல யோசனைதான், ஒரு நிமிடம் தடுமாறினேன். ஆனால் எழுத்தைச் செதுக்கினால் இன்னும் பத்து கிராம் குறையும்.

மறுநாள் மொபெட்டில் பை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். குறை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று நானே வாயால் சொன்னேன். பாயும் மற்ற மூவரும் மறுக்காமல் கொடுத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் மட்டும் தர மறுத்தார்.

"சார், இந்த எடைதாங்க எனக்குத் தோதா இருக்குது. நீங்க சரி பண்ணிட்டா நான் தூக்க மாட்டேன்."

"அப்படியானால் உங்களுக்கு ஒரு கிலோவில் தனியாகச் செய்து தருகிறேன். இதைக் கொடுங்கள்."

"ஒரு கிலோ பொம்பளைங்க தூக்கறதுங்க."

"உங்கள் வீட்டம்மா இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறார். கொடுங்கள்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "குடுத்துத் தொலைங்க, கட்டிலுக்கு அடியிலதான் கெடக்குது" என்றது. கொடுத்தார். இரண்டின் மேலும் ஒட்டடை இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

திருத்தும் வழி எனக்குத் தெரிந்த வழிதான். கடைகளில் உள்ள இரும்பு எடைக் கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிறு குழி தெரியும். அதில் ஈயத்தை அடைத்துத்தான் எடையைச் சரிசெய்வார்கள். முத்திரையும் அந்த ஈயத்தின் மேல்தான் விழும். அதையே பின்பற்றினேன். பென்னாகரத்தில் மீன்வலை விற்கும் கடையில், வலையின் அடியில் கோக்கும் ஈயக் குண்டுகள் கிடைத்தன. எலெக்ட்ரீஷியனிடமிருந்து துளையிடும் இயந்திரத்தை இரவல் வாங்கினேன். ஆனால் இம்முறை அவசரப்படவில்லை. பன்னிரண்டையும் பங்குனி வெயிலில் வைத்து நாள்தோறும் நிறுத்து நோட்டில் குறித்தேன். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டிய பிறகே துளையிட்டேன். துளையில் விழுந்த தூளையும் கணக்கில் கொண்டு ஈயத்தை அளந்து இட்டேன். வாயை அடைக்கச் சிமெண்டைத் தொடவில்லை. தண்ணீர் சேராமல் பிளம்பர்கள் பிசைந்து ஒட்டும் பசையைப் பயன்படுத்தி, அதன் எடையையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் பாயின் கடைக்கு அழைத்தேன். குறை வெளிப்பட்ட இடத்திலேயே நிறையும் வெளிப்பட வேண்டும் என்பது என் கருத்து. நான் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். பாய் ஏலம் கூறுவது போல உரக்கப் படித்தார்.

"ரெண்டு, சைபர் சைபர் சைபர்! அடுத்தது. ரெண்டு, சைபர் சைபர் சைபர்! மாஷா அல்லா. அடுத்தது..."

ஏழாவதில் ஒரு கிராம் கூடுதலாகக் காட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் குனிந்து தட்டை ஊதினார். ஒட்டியிருந்த புளி நார் பறந்தது. இரண்டாயிரம்.

நிறுத்தவற்றை நான் பின்னால் இருந்த அலமாரியில் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவதை வைத்துத் திரும்பியபோது, கூட வந்திருந்த என் மனைவி கேட்டார்: "ஏங்க, எந்தக் கையில வெச்சீங்க?"

அலமாரித் தட்டு என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நான் வைத்தது வலது கையால். கயிறும், ட்யூப்பும், துளையிடலும், சிமெண்டுக் கட்டிகளை மாடிக்கும் கீழுக்கும் சுமந்ததும் சேர்ந்து, நான் கவனிக்காமலேயே தோளைத் திறந்துவிட்டிருந்தன. பிறகு இயன்முறை மருத்துவரிடம் சொன்னபோது, "எது வேலை செஞ்சுதுன்னு தெரியலீங்க ஐயா, எல்லாத்தையும் விடாமப் பண்ணுங்க" என்றார். அந்த ஞாயிறு கடையில் பாய் எல்லோருக்கும் சமோசாவும் தேநீரும் கொடுத்தார். அது அபராதமா விருந்தா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டும் நீங்களே வெச்சுக்குங்க சார், சமோசாவ மட்டும் எனக்கு விடுங்க" என்றார்.

டம்பெல்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. பொறித்த எழுத்தை நான் மாற்றவில்லை. இப்போது அது உண்மை. போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கிலோ ஜோடி தனியாகச் செய்து கொடுத்தேன். காய்ந்த பிறகு எழுதுவதற்கு வண்ணமும் தூரிகையும் இருக்கின்றன என்பதை அதில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களிடம் அந்தப் போஸ்ட்மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லிவருகிறார். டம்பெல் ஒவ்வொன்றிலும் கால் கிலோ குறைந்தது என்றும், பாய் என் மேல் வழக்குப் போட்டார் என்றும், நான் கடையிலேயே அபராதம் கட்டினேன் என்றும் சொல்கிறாராம். வழக்கு எதுவும் இல்லை. அபராதம் எதுவும் இல்லை. பன்னிரண்டில் மிக அதிகமாகக் குறைந்தது என் வலது கை டம்பெல். குறைவு நூற்றுப் பத்து கிராம்.